கொதிக்கத் தாமதிக்கும் நீர்

எனக்கு வரிக்குக் காசு.
ஐம்பத்தைந்து எழுத்து ஒரு வரி, இடைவெளியும் சேர்த்து.
எண்ணுவது ஆங்கிலத்தில். ஜெர்மனில் எண்ணியிருந்தால்
இந்நேரம் மெர்ஸபுர்க்கில் சொந்த வீடு இருந்திருக்கும்.

மேசையில் ஓர் ஆய்வுக்கூடக் குறிப்பேட்டின் நகல்,
நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
எழுதியவர் ரைமுண்ட் கோலாஷ்.
ஏழின் இடுப்பில் கோடு போடுகிறவர்.
பதினாலாம் பக்கத்தில் ஒரு காபி வட்டம்;
அதை மொழிபெயர்க்க வேண்டியதில்லை.
கேட்டிருப்பவர் ஹல் நகரத்து வக்கீல் பர்க்கின்ஷா அம்மா,
காப்பீட்டுக் கம்பெனி சார்பில். வெள்ளிக்குள் வேண்டுமாம்.

குடுவைக்குக் குடுவை, புனலுக்குப் புனல்,
முதல் நாள் வழுக்கிக்கொண்டு போனது.
பிறகு ‘நீடர்ஷ்லாக்’.
காலையில் எங்கள் வானொலி மழைக்குச் சொல்லும் சொல்.
குத்துச்சண்டையில் ஒருவன் தரை தொட்டாலும் அதுதான்.
கோலாஷின் கண்ணாடிக்குள்ளோ
அடியில் வந்து உட்கார்ந்த வெள்ளைப் பொடி.
‘பிரெசிப்பிடேட்’ என்று தட்டினேன்.
மழை நின்றது.

‘அப்ட்ஸூக்’ இன்னும் மோசம்.
நச்சுப்புகையை உறிஞ்சும் கண்ணாடிக் கூண்டு அது.
துப்பாக்கி விசையும் அது, சம்பளப் பிடித்தமும் அது.
ரஷ்யப் பட்டாளம் ஊரைக் காலிசெய்த வருஷத்தை
அப்பா அந்தச் சொல்லால்தான் குறிப்பிடுவார்.
ஆங்கிலத்தில் ‘ஃபியூம் ஹூட்’.
புகைக்கு ஒரு முக்காடு.
சரி, இருக்கட்டும்.

வாலில் இருக்கும் ‘ட்ஸூக்’ என்றால் இழுப்பு.
ரயிலுக்கும் அதே பெயர்.
ஹாலே வண்டி ஜன்னலைத் தாண்டியது,
பதினொரு நிமிஷம் தாமதமாக.

தொண்ணூற்றேழாம் பக்கம், மாலை நாலு நாற்பது.
ஒற்றைச் சொல். அடிக்கோடுகூட இல்லை.
‘ஸீடெஃபெர்ட்ஸூக்.’

கொதிக்க வேண்டிய சூடு வந்துவிட்டது,
திரவம் கொதிக்கவில்லை.
ஒரு குமிழி கிடையாது, ஓர் அசைவு கிடையாது,
வாங்கிய வெப்பத்தையெல்லாம் உள்ளே வைத்துக்கொண்டு நிற்கிறது.
சாதுவான திரவம் மிரண்டால்
குடுவை கொள்ளாது.

அகராதி ‘பம்பிங்’ என்கிறது.
இரண்டு கார்கள் முட்டிக்கொண்ட மாதிரி.
எங்கள் சொல் காத்திருப்பதைச் சொல்கிறது,
அவர்கள் சொல் குலுங்கியதை.
லொய்னாவில் வேலைபார்க்கும் ஹென்ரிகேயிடம் கேட்டேன்.
“இரண்டும் ஒன்றுதான். கிளறிவிட்டால் தீர்ந்தது” என்றாள்,
சாண்ட்விச்சை மென்றபடி.

ஹென்ரிகேவுக்கு ஒன்றுதான்.
வக்கீலுக்கு அல்ல.
அன்றைக்கே குலுங்கியிருந்தால் கோலாஷுக்கு எச்சரிக்கை கிடைத்திருக்கிறது;
மூன்று நாள் கழித்து வெடித்தது அவர் தலைமேல் விழும்.
வெறுமனே தாமதித்திருந்தால்
அன்று எதுவுமே நடக்கவில்லை.
எது என்று அந்தச் சொல்லுக்குத் தெரியாது.
கோலாஷுக்குத் தெரியும்.
அவரிடம் கேட்க எனக்கு அனுமதி இல்லை.
ஒரு கண்ணோடு டெஸ்ஸாவ் பக்கம் எங்கோ இருக்கிறாராம்.

‘பம்பிங்’ ஏழு எழுத்து.
‘டிலேட் பாய்லிங்’ பதினைந்து.
எட்டு எழுத்துக் காசுக்காக நீளமானதை எடுத்தேன் என்று
யாராவது சொல்வார்களோ என
உண்மையிலேயே யோசித்தேன்.
பிறகு நீளமானதை எடுத்தேன்.
கீழே ஒரு குறிப்பு: அகராதி வேறு சொல்கிறது, மூலம் இப்படி.

கடைசிப் பக்கத்தில் பாதி வரி.
“கொதிகற்கள் போட்டேனா?”
நீரை நேரத்துக்குக் குமிழியிடவைக்கும் பொடிக்கற்கள்.
அதற்குக் கீழே வெறும் கட்டங்கள்.
கேள்விக்குறியை அப்படியே இறக்கிவைத்தேன்.
அது எந்த மொழியிலும் ஓர் எழுத்துதான் கணக்கு.

வியாழனே அனுப்பிவிட்டேன். பில்லும் கூடவே.
வக்கீலம்மாவிடமிருந்து நன்றி வந்தது, பணம் வரவில்லை.
அதற்கும் எங்களிடம் ‘ஃபெர்ட்ஸூக்’தான்.
ஐந்து வாரம் ஆகிறது.
நான் இன்னும் ஒரு குமிழிகூட விடவில்லை.