மீதி முப்பது

மூக்கையூர் சந்தியாகப்பர் கபடிக் குழுவுக்குப்
பதினாறு வருசமாய் நான்தான் கணக்கு.
பகலில் ஐஸ் கம்பெனியில் பார் எண்ணுவேன்
இரவில் இதை.

நோட்டின் பழைய பக்கங்களில்
எலுமிச்சம்பழம் பன்னிரண்டு,
சோடா,
வேன் வாடகை, டீசல் தனி,
இன்னாசி முட்டிக்கு வலிக் களிம்பு.
அடுத்த மாதமும் களிம்பு.
அதற்கடுத்த மாதம் ஆட்டக்காரர் பட்டியலில் இன்னாசி இல்லை,
செலவில் களிம்பும் இல்லை.

சம்பளம் என்றொரு வரி எங்கும் கிடையாது.
பரிசுப்பணம் வந்தால் மீன்பாடு மாதிரிப் பங்கு வைப்போம்.
கோயிலுக்கு ஒன்று, களத்துக்கு ஒன்று,
ஆடினவனுக்கும் சுண்ணாம்புக் கோடு போட்டவனுக்கும்
ஒரே பங்கு.
எழுதிப் பார்க்க அழகாகத்தான் இருந்தது.
சொந்த வள்ளம் உள்ள வீட்டுப் பையன்
திண்டுக்கல் வரை போய் ஆடிவிட்டு வருவான்.
கூலிக்குக் கடல் போகிறவனுக்கு
ஒரு ஆட்டம் என்றால் ஒரு நாள் பட்டினி.
அதை எழுத
நோட்டில் கட்டம் இல்லை.

வியாகுலம் சங்குக்கு முங்குகிறவன்.
தண்ணிக்குள் அடக்குகிற மூச்சுக்கு
சங்கு எண்ணிக் காசு.
அதே மூச்சைக் களத்தில் விட்டால்
அரை எலுமிச்சம்பழம்.

ஒரு ஆடி மாதம், கடல் கொந்தளித்துத் தொழில் இல்லாதபோது
சாயல்குடிப் பக்கம் வேறு பனியன் போட்டு
ஐந்நூறு ரூபாய்க்கு ஆடிவிட்டான்.
பனியனுக்குப் பை இல்லை, காலுக்குச் செருப்பில்லை,
தாளைச் சுருட்டி அரைஞாண் கயிற்றில் முடிந்திருந்தான்.
கூட்டத்தில் அவனே அவிழ்த்து மேசையில் வைத்தான்,
வேர்வையில் ஊறி மெத்தென்று இருந்தது.
“இதுல என்ன பாவம் கண்டீங்க?”
மூன்று விசைப்படகு வைத்திருந்த தலைவர் சொன்னார்:
“காசுக்கு ஆடுறவன் ஊருக்கு ஆடமாட்டான்.”
சிவப்பு மை. ஸ்கேல் வைத்து அடித்தேன்.
கோடு நேராக வந்தது.

இந்தத் தையில்
இறால் தீவனக் கம்பெனிக்காரர் வந்தார்.
ரப்பர் பாய், ராட்சச விளக்கு,
பனியன் முதுகில் ஆள் பெயர், நெஞ்சில் தீவனத்தின் பெயர்.
கூட்டம் நாற்பது நிமிசம், இடையில் டீ.
அதே தலைவர், “காலம் மாறுதுல்ல” என்றார்.
பழைய விதியை வாசிக்காமலே நீக்கினோம்.
எல்லாக் கையும் தூக்கியது,
என் கையும்.

புதுக் கட்டம் கிழித்தேன்.
ரெய்டர் ததேயுவுக்கு மாதம் பதினெட்டாயிரம்
பிடிக்கிறவர்களுக்குப் பதினொன்று.
“அவன் மூச்சுக்கு அந்த விலை,
கணுக்காலைக் கவ்வுற என் விரலுக்கு இதானா?”
ஜெரோன் கேட்டது நியாயம்.
ஐந்நூறு கூட்டினார்கள்.
மருத்துவக் காப்பீடு என்று எழுதும்போது
இன்னாசியின் முட்டி ஞாபகம் வந்தது,
அந்த வரியைச் சந்தோசமாகவே எழுதினேன்.
கணக்கனுக்கு இரண்டாயிரம்.
வாங்கிக்கொண்டேன்.

முதல் ராத்திரி வாசலில் டிக்கெட் கிழிக்க நின்றேன்.
தலைக்கு இருபது.
ஏர்வாடியிலிருந்தும் வாலிநோக்கத்திலிருந்தும்
லோடு ஆட்டோவில் சனம் வந்து இறங்கியது.
வரிசையில் வியாகுலம்.
மீசை நரைத்திருந்தது.
ஐம்பது ரூபாய்த் தாளை நீட்டினான்.

“நீ சும்மா போடா” என்றேன்.

முங்கி முங்கி ஒரு காது அடைத்தவன்
மறு காதைத் திருப்பினான்.
“என்ன சொன்ன?”
“சும்மா போ.”
“சும்மாவா?”

பின்னாலிருந்து யாரோ தள்ளினார்கள்.
அவன் அசையவில்லை, கையும் மடங்கவில்லை,
உள்ளங்கை முழுக்கச் சங்கு கீறிய தழும்பு.
உள்ளே ஒலிபெருக்கியில்
ததேயுவின் பெயரை இழுத்து இழுத்துக் கூப்பிட்டார்கள்.

“மீதி முப்பது குடு” என்றான்.

எண்ணிக் கொடுத்தேன்.
வெளிச்சத்தில் பிடித்து
அவனும் ஒருமுறை எண்ணினான்.