பை பார்த்தாயிற்று

விடிகாலை நாலரைக்கு மில்டூராவிலிருந்து கிளம்பும்
கவுன்சில் டிரக்கில் நானும் டேரலும்.
இரவு லாரிகள் அடித்துப் போட்டதை
வெயில் ஏறுமுன் அள்ளி எடுப்பது வேலை.

டேஷ்போர்டில் நூலகத்துப் புத்தகம்.
இந்நாட்டுக் கவிதைகள், கூடவே கொஞ்சம் கதைகள்.
அதில் கங்காருக்கள் தாவுகின்றன.
தாவிக்கொண்டே இருக்கின்றன.
ஒன்றுகூடத் தரையிறங்கக் காணோம்.
கூக்கபரா சிரிக்கிறது,
யாரைப் பார்த்தென்று எவரும் கேட்கவில்லை.
டிங்கோ என்றால் திருடன்.
வொம்பாட்டுக்குத் தொப்பி, குடை,
கடிந்துகொள்ள ஓர் அத்தை.
எமுவைப் பாட வந்தவர்கள்
பெரும்பாலும் வேலியைப் பாடிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

நேற்று ரெட் கிளிஃப்ஸ் தாண்டி ஒரு பெட்டை.
முப்பது கிலோ இருக்கும்.
(எடையை ஒரு கவிஞரும் சொல்லவில்லை.)
கையுறை போட்டுக்கொண்டு
வயிற்றுப் பைக்குள் விரல் விட வேண்டும்,
உள்ளே சூடு இருக்கிறதா என்று.
டிரக் நிறைந்துவிட்டதால் ஓரமாக இழுத்துப் போட்டு
இளஞ்சிவப்புப் பெயின்ட்டில்
உடம்பின்மேல் ஒரு பெருக்கல் குறி.
பின்னால் வருகிறவர் காரை நிறுத்த வேண்டாம்;
பார்த்தாயிற்று, உள்ளே யாருமில்லை.

முல்லைக்கு மான், குறிஞ்சிக்குக் குரங்கு,
பாலைக்குச் செந்நாய் என்று
ஒப்பித்து மதிப்பெண் வாங்கிய வாய் என்னுடையது.
அந்த மான் எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கும்?
தெரியாது.
கேட்கவும் தோன்றவில்லை அப்போது.

தேநீர் இடைவேளையில் பென்சிலை எடுத்தேன்.
நூலகப் புத்தகம், தப்புதான்.
டேரல் ரேடியோவில் ஃபுட்டி கேட்டுக்கொண்டிருந்தான்.
ஒவ்வொரு பாட்டுக்குள்ளும் விரல் விட்டேன்.
பதினேழாம் பக்கம், பெருக்கல்.
முப்பத்தொன்று, பெருக்கல்.
தங்கப் பதக்கம் வாங்கியதாம் தொண்ணூறு;
அதற்குச் சற்றுப் பெரிதாக.

இருநூற்று நாலில்
பெயர் போடாத எட்டு வரி.
படுக்கப் போகுமுன் ஒரு பெண்
தண்ணீர்த் தொட்டியில் மரக்கட்டையை மிதக்க விடுகிறாள்,
போசம் விழுந்தால் பற்றி ஏறட்டுமென்று.
போசம் பாட்டுக்குள் வரவே இல்லை.
காலையில் பார்க்கிறாள்.
கட்டையின் மேல்பக்கமும் நனைந்திருக்கிறது.

டேரல் ஹார்ன் அடித்தான்.
கொஞ்சம் இரு என்றேன்,
இதில் ஏதோ அசைகிறது.