பெயர் கேட்டாங்க

சூளகிரி தாண்டியாச்சு என்று
குழுவில் செய்தி வந்தபோது
ஆய்வகக் குழாயடியில் நின்று
ஏழாவது தடவையாக
அந்த வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"திரும்பி வந்த டிரம்களின் கணக்கு
நாலு சதவீதத்திலிருந்து
இரண்டரைக்கு இறங்கியிருக்கிறது, சார்."

அந்த 'சார்' எங்கே உட்காரும் என்பதிலேயே
இரண்டு நாள் போனது.
முதலில் வைத்தால் கெஞ்சல்.
நடுவில் வைத்தால் நாக்கு இடறுகிறது.
கடைசியில் வைத்தால்
லீவ் லெட்டர்.

மூன்று நாளாகத் தொழிற்சாலை
பெண் பார்க்க வருகிற வீடாகியிருந்தது.
உடைந்த கிரேட்டுகள் தார்ப்பாய்க்குள் ஒளிந்தன.
வாசலுக்கு ஓசூரிலிருந்து
வாடகைக்கு வந்தன அறுபது குரோட்டன்ஸ் தொட்டிகள்.
"எம்.டி. வருகிறார், எல்லாரும் பளிச்சென்று இருக்கணும்"
என்றார் மேனேஜர் கோவர்த்தனன்.
ஈக்களுக்குத்தான்
யாராலும் சொல்லிவைக்க முடியவில்லை.

ராயக்கோட்டை ரோட்டில் இஸ்திரி போட்ட
மாந்தளிர் நிறச் சுடிதார்
வெள்ளைக் கோட்டுக்குள் போய்விட்டது.
தலைக்கு வலை, முகத்துக்கு மூடி, காலுக்கு கம்பூட்ஸ்.
நாகவேணி என்று சொல்லிக்கொள்ள
மிச்சம் இருந்தவை இரண்டு கண்கள்.

வந்தவர்களுக்கும் அதே கோட்டு.
அதே வலை. அதே மூடி.
உயரமாக ஒருவர் முன்னால் வந்தார்.
சொன்னேன்.
தடுக்கி விழாமல், சதவீதம் மாறாமல்,
சாரை அதன் இடத்தில் உட்காரவைத்து.
"அருமைங்க" என்றார்.
என்றுவிட்டு
கேமராவை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார்
ரவுண்டானா ஸ்டுடியோக்காரர்.

சரி, போகட்டும் என்று திரும்பினால்
கூழ் இயந்திரத்துக்குப் பக்கத்தில்
குள்ளமாக ஒரு வெள்ளைக் கோட்டு
குனிந்து சாக்கடைக் கம்பிக்குள் பார்க்கிறது.

"அங்க நிக்காதீங்க, வழுக்கும்.
வாட்ச் கழட்டணும்.
கேட்டிலேயே சொல்லியிருப்பாங்களே?"

கழற்றினார்கள்.
விருந்தாளிக் கோட்டில் பை கிடையாது.
என்னிடம் நீட்டினார்கள்.

"இது என்ன வாடை?"

இதற்கு நான் எதுவும் மனப்பாடம் செய்யவில்லை.
"அஞ்சாம் நம்பர் லாரிங்க. பர்கூர்க் காய்.
ராத்திரி இறக்க ஆள் இல்ல.
காலையில பத்து மணி வரைக்கும் வெயில்ல நின்னுச்சு.
நாப்பது கிரேட் புளிச்சிருச்சு.
ஹோல்டு சீட்டு ஒட்டிட்டேன், லைனுக்கு விடமாட்டேன்."

"ஆள் எங்கே போனாங்க?"

"பூந்தொட்டி இறக்க."

"எதுக்கு?"

"எம்.டி. வர்றாராம்."

இயந்திரம் ஒரு கொட்டையைத் துப்பியது.
எதிரே இருந்த கண்கள்
சிரித்தனவா சுருங்கினவா,
மூடிக்குக் கீழே இருந்தது
எனக்குத் தெரியாது.
பின்னாலிருந்து ஓடிவந்த கோவர்த்தனன்
"மேடம், மேடம், இந்தப் பக்கம்" என்றபோதுதான்
'வருகிறார்' என்ற சொல்லை
முதன்முறையாக உற்றுப் பார்த்தேன்.
இத்தனை மரியாதையான சொல்,
ஆணா பெண்ணா என்று
ஒரு சாடையாவது காட்டியிருக்கலாம்.

சாயங்காலம் கார்கள் போன பின்
ஆய்வகத்துக்கு வந்தார் கோவர்த்தனன்.
"உன் பெயர் கேட்டாங்க."
எப்படிக் கேட்டாங்க சார்?
"யார் அந்தப் பொண்ணுன்னு."
அதுதான், எப்படி?
அவர் சொல்லிக் காட்டினார்.
முதல் தடவை பாராட்டு மாதிரி இருந்தது.
இரண்டாம் தடவை விசாரணை.
மூன்றாம் தடவை அவருக்கே குழம்பி
"எனக்கு என்னம்மா தெரியும்,
கார்க் கதவு பாதி மூடியிருந்தது" என்று
நெற்றியைத் துடைத்துக்கொண்டு போனார்.

வெளியே தொட்டிகள் திரும்பவும் லாரி ஏறின.
இந்தத் தடவை ஆளுக்குப் பஞ்சமில்லை.

நாற்பது கிரேட்டையும் இன்னொரு முறை எண்ணி
பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுக்
கோட்டைக் கழற்றினேன்.
உள்பையில் ஏதோ கனத்தது.

மெல்லிய தோல் பட்டை, சின்ன முகம்.
எங்கள் சுவர்க் கடிகாரத்தைவிட
ஏழு நிமிடம் முந்தி ஓடிக்கொண்டிருக்கிறது.