பெயர் எழுத வேண்டாம்

பெயர் எழுத வேண்டாம் என்றார்
நாகர்கோவிலிலிருந்து ஆய்வுக்கு வந்த அக்கா.
பத்துச் சொற்கள், பக்கத்தில் பத்துக் கட்டங்கள்.
உங்களுக்கு எது முதல், எது கடைசி,
எண் மட்டும் போட்டால் போதும்.
மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்ததால்
இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

கருங்கல் பள்ளி, பதினொன்று பி.
நான் லீடர்.
நாற்பத்தொரு தாளையும் வாங்கிக்கொண்டு
ஸ்டாஃப் ரூமுக்குப் போகிற வழியில்
மாடிப்படி வளைவில் உட்கார்ந்து
வாசித்தேன்.

பெயர் எதற்கு?
ஆன்றோவின் ஏழுக்கு இடுப்பில் ஒரு கோடு இருக்கும்.
மாஹீனின் இரண்டு வாத்து மாதிரி கழுத்தை நீட்டும்.

ஆன்றோ அக்காவின் பட்டியலுக்குக் கீழே
தானே ஒரு கட்டம் வரைந்திருந்தான்.
'திரும்பி வருவது' என்று எழுதி அதற்கு ஒன்று.
மற்றவை எல்லாம் இரண்டிலிருந்து.
அவனுடைய அப்பா தங்கலுக்குப் போய்
அன்றைக்குப் பதினேழு நாள்.
சேமிப்புக்குப் பதினொன்று போட்டிருந்தான்.
கையில் காசு இருக்கும் நாளில்
வகுப்புக்கே முட்டை பப்ஸ் வாங்குவான்,
அடுத்த வாரம் ரெக்கார்டு நோட்டுக்கு
என்னிடம் கடன் கேட்பான்.
அவனுக்குப் பொறுப்பில்லை என்று
நான்தான் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன்.

மாஹீன், குடும்பம் என்பதில் ஒன்று போட்டு
அடித்து, எட்டு போட்டு
அதையும் அடித்து, மறுபடி ஒன்று போட்டதில்
தாள் கிழிந்திருந்தது.
அவனுடைய வாப்பா சார்ஜாவிலிருந்து
இரவு ஒன்பதரைக்குத் திரையில் வருவார்.
வலை சிக்கினால் வாய் திறந்தபடி நின்றுவிடுவார்.

விஜின் தாளில்
ஒன்று, இரண்டு, மூன்று என்று
மேலிருந்து கீழே பத்துவரை வரிசையாக.
மூன்று மணிக்கு நெற்றியில் லைட் கட்டிக்கொண்டு
பால் வெட்டப் போய்விட்டு வருகிறவன்
பெஞ்சில் கன்னம் வைத்தபடியே நிரப்பினான்.
பட்டியலில் முதல் சொல் நேர்மை.
ஆய்வில் விஜினும் நேர்மைக்காரன் ஆகிவிட்டான்.
சிரித்தேன்.

அடுத்த தாளில் சிரிப்பு நின்றது.
ஓரத்தில் கறுத்த பெருவிரல் தடம்.
அண்டி ஓட்டின் எண்ணெய் சோப்புக்குப் போகாது.
சஜிதா.
நேர்மைக்கு நேராகப் பத்து.
தயங்கிய எழுத்து இல்லை. ஒரே இழுப்பு.

அப்பாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து
டியூஷன் விட்டு வந்த ஒரு செவ்வாய்க்கிழமை,
'ஒரு இடத்துல ஏறிட்டுப் போவோம் மக்களே' என்றார்.
கதவைத் திறந்தது அவள்.
'அம்மை இல்ல மாமா. அண்டியாபீஸ்ல இருந்து வரல்ல.'
குரல் அசையவில்லை.
அவளுக்குப் பின்னால் தொங்கிய சேலைத் திரைக்கு அடியில்
இரண்டு பாதங்கள்.
நான் பார்த்தேன்.
நான் பார்த்ததை அவள் பார்த்தாள்.
அப்பா நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டு
வண்டியைத் திருப்பினார்.

மறுநாள் மதியம்
மரச்சீனியும் சாளைக்கறியும் அவள் டப்பாவிலிருந்து
எப்போதும்போல என் டப்பாவுக்கு வந்தது.
நாங்கள் கெமிஸ்ட்ரி பற்றிப் பேசினோம்.

எங்கள் வீட்டு வாசலுக்கு
யாரும் அப்படி வந்ததில்லை.
வருகிறவர்கள் செருப்பை வெளியே கழற்றிவிட்டு
இன்னும் ஒரு மாதம் கேட்பார்கள்.
'நாம யாரையும் ஏமாத்தினதில்ல,
எல்லாம் நோட்டுல இருக்கு' என்பார் அப்பா.
உண்மைதான். இருக்கிறது.
சஜிதாவின் அம்மையின் கம்மலும்
எடையோடு அதில் இருக்கிறது.

என் தாளை எடுத்தேன்.
நேர்மை: ஒன்று.
அழகான ஒன்று, அடியில் சின்னக் கோட்டோடு.
பேனாவைத் திறந்தேன். மூடினேன்.
என்ன எண் போடுவது?

படியில் செருப்புச் சத்தம்.
'இங்கேயா இருக்கே? யாரும் பிரிச்சுப் பார்க்கலியே?'

'இல்லக்கா.'

சஜிதா அன்று சொன்ன அதே குரல்.
எனக்கும் வரும் என்று தெரிந்திருக்கவில்லை.

அக்கா தாள்களை வாங்கி
கைப்பிடிச் சுவரில் தட்டி ஓரம் சேர்த்து
உறைக்குள் வைத்து
நூலால் இரண்டு சுற்றுச் சுற்றினார்.