மேசை மூன்று

கண்காட்சித் திடலின் தகரக் கொட்டகையில்
கிடாய்ப் போட்டி நேற்று முடிந்தது.
இன்று எங்கள் முறை.
வைக்கோல் வாடை போகட்டுமென்று
விடியலிலேயே கதவுகளைத் திறந்துவைத்தார்கள்.
வாடை போகவில்லை. வெயில் வந்துவிட்டது.
ஐடஹோவின் ஆகஸ்ட்,
பதினோரு மணிக்கே நூற்றிரண்டு டிகிரி.

விதிகள் எளியவை.
சென்ட் கூடாது, உதட்டுச்சாயம் கூடாது,
மரப் பென்சில்கூடக் கூடாது,
சீவினால் தேவதாரு மணக்கும்.
வைன்காரர்கள் துப்பிவிடலாம்.
நாங்கள் விழுங்கியாக வேண்டும்,
கசப்பு கடைசியில் போய் உட்காருவது
தொண்டைக்குழியில்.

என் இடப்பக்கம் மார்லிஸ்.
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
நனைந்த அட்டைப்பெட்டியின் ருசியை
ஒரே மிடறில் பிடித்துவிடுவாள்.
வலப்பக்கம் இன்யாக்கி உர்கிதி,
பாஸ்க் இடையர்களின் பேரன், பல் வைத்தியர்.
எந்தக் குவளையிலும் முதலில் நுரையின் விளிம்பைப் பார்ப்பார்,
ஈறைப் பார்ப்பதுபோல.

கோதுமை பீர்: மேகம் சரி, கிராம்பு சரி,
வாழைப்பழம் ஒருநாள் அதிகம் கனிந்துவிட்டது.
முப்பத்தொன்று.
அடுத்தது. வெண்ணெய் என்றாள் மார்லிஸ்.
பாப்கார்ன் என்றார் இன்யாக்கி.
ஒரே குற்றத்துக்கு இரண்டு சாட்சிகள்.
இருபத்திரண்டு.
புளித்த செர்ரி பீர்
நாக்கின் ஓரங்களைப் பிடித்துத் திருகியது.
மூவரும் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு
ஆளையாள் பார்த்துச் சிரித்தோம்.
முப்பத்தெட்டு.

குவளைகளுக்கு எங்களைவிட அதிகம் வியர்த்தது.
படிவங்கள் ஈரத்தில் சுருண்டன.
இன்யாக்கி கைக்குட்டையைத் தண்ணீரில் முக்கி
கழுத்தில் போட்டுக்கொண்டு சொன்னார்:
'தாகம் நல்ல நீதிபதி இல்லை.
மூன்று மணிக்குக் குழாய்த் தண்ணீர் வந்தாலும்
நாற்பது போட்டுவிடுவேன்.'

இரண்டரைக்கு வந்தது பதினேழாம் எண்.
வெளிர்பொன் ஏல்.
மார்லிஸ் முகர்ந்தாள். 'புகை.'
நானும் முகர்ந்தேன். புகையேதான்,
கருகிய சேஜ் புதரின் புகை.
விவரத்தாளில் அதைப்பற்றி ஒரு சொல் இல்லை.
'அறிவிக்காத புகை,
மற்றதெல்லாம் அதன் அடியில் அமுங்கிவிட்டது'
என்று எழுதி, பத்தொன்பது போட்டேன்.

பதினெட்டு. புகை.
பத்தொன்பது. புகை.
இன்யாக்கி உப்பில்லா பிஸ்கட்டை எடுத்து
மூக்கருகே கொண்டுபோனார்.
'இதிலுமா?'

அப்போதுதான் வாசலைப் பார்த்தோம்.
ஓவைஹீ மலை இருந்த இடத்தில் மலை இல்லை.
சூரியன்:
நிறம், அடர் செம்பு.
தெளிவு, இல்லை.
நுரை, சாம்பல், மெதுவாக இறங்குகிறது.

குளிர்ப்பெட்டி லாரிக்குள் ஏறிக்
கதவைச் சாத்திக்கொண்டோம்,
மூன்று பேரும் பதினேழாம் எண்ணின் இரண்டாவது பாட்டிலும்.
பீப்பாய்களின் நடுவே எங்கள் மூச்சு வெண்மையாக நின்றது.
அது அடங்கும்வரை காத்திருந்து ஊற்றினேன்.
ஆரஞ்சுத் தோல்.
மழை பெய்து முடிந்தபின் வெட்டிய புல்.
ரொட்டியின் ஓரம்.
கசப்பு வந்தது, ஒரு கணம் நின்றது,
சொல்லாமல் போய்விட்டது.
யாரும் பேசவில்லை.
மார்லிஸ் மட்டும் இன்னொரு மிடறு குடித்தாள்.
அது விதிக்குப் புறம்பல்ல,
தேவையுமல்ல.

இன்யாக்கியின் போன் அடித்தது.
அந்தச் சரிவில்தான்
அவர் தங்கையின் எண்ணூறு ஆடுகள்.
குவளையை என் கையில் கொடுத்துவிட்டு
இறங்கி ஓடினார்,
ஈரக் கைக்குட்டை கழுத்திலேயே இருந்தது.

போட்டியை நிறுத்தினார்கள்.
மேசைகளை மடக்கினோம்.
நான்கரைக்கு முதல் டிரெய்லர் வந்தது.
கொட்டகையில் மறுபடியும் ஆடுகள்,
பரிசுக்காக அல்ல.
ஒவ்வொன்றின் கம்பளியிலும்
பதினேழாம் எண்ணில் நான் கண்டுபிடித்த அதே குற்றம்.

லாரியின் பானெட்மேல் படிவத்தை வைத்தேன்.
இரும்பு சுட்டது.
பத்தொன்பதை அழித்தேன்; தடம் போகவில்லை.
அதன்மேலேயே எழுதினேன்
நாற்பத்திரண்டு.
குறிப்பு என்ற இடத்தில்
என்ன எழுதுவதென்று தெரியவில்லை.
யார் காய்ச்சியதென்றும் தெரியாது,
எண் மட்டும்தானே.
'மன்னிக்கவும்' என்று எழுதிப் பார்த்தேன்.
அதையும் அழித்தேன்.

ரப்பர் கறுத்துப்போயிருந்தது.
பழக்கதோஷம்,
அதையும் முகர்ந்து பார்த்தேன்.