வால் வரைக்கும்

ஜாம்பஜாரிலிருந்து ஆதம்பாக்கம்.
சைதாப்பேட்டைப் பாலம் வரைக்கும் கத்தியது.
கிண்டி தாண்டியதும் நிறுத்திவிட்டது.
"இருக்குதாம்மா அது?" என்று
கண்ணாடியில் பார்த்தார் ஆட்டோக்காரர்.
கூடையின் ஓட்டைகளுக்குப் பின்னால்
இரண்டு பச்சை வட்டங்கள்
இமைக்காமல் இருந்தன.

ஒன்பது வருஷம் எனக்கு ரவிக்கை தைத்த ஷம்ஷாத்
மஸ்கட்டுக்குப் போகிறாள், மகனிடம்.
விசா ஒருத்திக்குத்தான்.
மலாய் என்று பெயர் வைத்திருக்கிறாள்,
பாலாடையின் பெயரை,
மழைக்கால மேகம் மாதிரி இருக்கும் இந்தச் சாம்பலுக்கு.
ஒரு கிண்ணம் கொடுத்தாள், அரை மூட்டை மணல்,
அவள் போர்த்திக் கழற்றிய துப்பட்டா.
"துவைச்சிடாதே ரோகிணி."
மூன்று தரம் சொன்னாள்.

கூடையைத் திறந்த நொடியில்
பீரோவுக்கு அடியில் போனது.
நாலு விரல் உயரம்தான் அந்த இடம்.
பதினோரு வருஷ வாடகை கொடுத்தும்
நான் குனிந்து பார்த்திராத இடம்.
டார்ச் அடித்துப் பார்த்தேன்.
பல் உடைந்த சீப்பு, காலியான மாத்திரை அட்டை,
அப்புறம் அந்த வண்டிச் சாவி.
ரகுபதி வீட்டைப் புரட்டிப் போட்டுத் தேடி
நான்தான் ஒளித்தேன் என்று
இரண்டு நாள் பேசாமல் இருந்த சாவி.
இப்போது வண்டியும் இல்லை, அவனும் இல்லை.
பூனை அதன்மேல் தாடையை வைத்துக்கொண்டு
என்னைப் பார்த்தது.

வைத்த நெத்திலி விடிந்தால் இருக்காது.
எறும்பா, இதுவா, தெரியவில்லை.
நான்காம் நாள் மணலில் ஒரு குழி,
மேலே ஒழுங்காக மூடிய சிறு மேடு.
லேபில் எல்லோரிடமும் சொன்னேன்.
ஒருவரும் கை கொடுக்கவில்லை.

வா என்றேன், வாடா என்றேன்,
நாக்கை மடித்து எலி போலவும் கீச்சிட்டேன்.
மேல்வீட்டுக் குக்கருக்காவது அது காதை அசைக்கிறது.
இரவு மஸ்கட்டிலிருந்து ஒரு குரல் வந்தது:
"ஆஜா பேட்டா, இதர் ஆ."
போனைத் தரையில் வைத்துப் போட்டேன்.
முதலில் மீசை வந்தது, பிறகு முழு உடம்பு.
போனை முகர்ந்தது.
சுற்றி வந்து
போனுக்குப் பின்பக்கம் பார்த்தது.
இன்னொரு தரம் போய்ப் பார்த்தது.

அந்தக் குரலை அப்புறம் நான் போடவில்லை.
இரண்டு உருதுச் சொற்களை
என் வாயாலேயே சொல்லிப் பழகினேன்,
பாத்திரம் விளக்கும்போது, கதவைப் பூட்டும்போது.
என் உச்சரிப்புக்கு அது
ஒருநாளும் வெளியே வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை சங்கரா மீன் ஆய்ந்தேன்.
மத்தியானம் கரண்ட் போனது.
ஆறு நாளும் ஸ்பிரிட் நெடியோடு
நான் நீட்டிய கைதான் இது.
ஊசிக்காரியின் கை என்று
அது எப்போதோ கண்டுபிடித்திருக்க வேண்டும்.
எனக்குத்தான் ஒரு வாரம் ஆனது.
மீன் நாறும் கையை விரித்துப் போட்டு
பனியனும் பாவாடையுமாக
வெறும் தரையில் கிடந்தேன், கூப்பிடாமல்.
வெளியே தண்ணீர் லாரிக்காரன்
யாரிடமோ சில்லறைக்குச் சண்டை போட்டான்.

முழங்கை மடிப்பில்,
ஊருக்கெல்லாம் நான் நரம்பு தேடுகிற அதே இடத்தில்,
ஒரு ஈர மூக்கு.

தினம் நாற்பது பேரிடம்
"மூச்சை விடுங்க, ஒண்ணும் இல்லை" என்கிறவள்
மூச்சு விட மறந்து கிடந்தேன்.
சொரசொரப்பான நாக்கு ஒருமுறை.
உப்பு பார்த்ததா, மீன் பார்த்ததா,
என்னைப் பார்த்ததா?

கரண்ட் வந்தது.
ஃபேன் கடகடத்ததும் ஒரே ஓட்டம்,
துப்பட்டாவை இழுத்துக்கொண்டு பீரோவுக்கு அடியில்.
சாவியை எடுக்கலாம் என்று குனிந்தவள்
எடுக்கவில்லை.
அவசரத்தில் வாலை மட்டும்
வெளியே விட்டிருந்தது, அல்லது வேண்டுமென்றே.
நுனி ஒருமுறை தரையைத் தட்டியது.

ராத்திரி ஷம்ஷாத் கேட்டாள்,
"செட் ஆயிடுச்சா?"

"வால் வரைக்கும்" என்று அனுப்பினேன்.