பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை

இரவு பதினொன்று முதல் காலை ஏழு வரை
ஆறு கதவுகள்.
டார்ச்சை முகத்தில் அடிக்கக் கூடாது.
கூரையில் அடித்தால்
வடித்த கஞ்சி போல ஒரு வெளிச்சம் கீழே இறங்கும்.
அதில் போர்வை ஏறி இறங்குகிறதா என்று
மூன்று மூச்சு எண்ண வேண்டும்.
பிறகு தாளில் நேரம், தூக்கம், என் முதலெழுத்து.

தண்டர் பேயில், ஏரி உறைந்து கிடக்கும் மாதங்களில்
இதுதான் என் வேலை.
கத்திகள் பூட்டிய டிராயரில்.
கரண்டிகளை எண்ணி வைக்கிறோம்.
ஷூ லேஸ்கள் அலுவலகத்தில், பெயர் ஒட்டிய உறைகளில்.
மாத்திரை விழுங்கியதும் நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்கிறோம்.
"யாரையுமே நம்ப மாட்டீர்களா, மர்யாட்டா?"
டெல்ஃபின் கேட்டாள்,
கோடையிலும் மணிக்கட்டை மூடிய சட்டைக் கை.
நாக்கைத் தூக்கியபடி கேட்டதால்
பாதிதான் புரிந்தது.
மீதியை வீட்டுக்குப் போகும் வழியில் புரிந்துகொண்டேன்.

டெவ்லின் வந்தது நவம்பரில்.
பதினான்கு வயதில் ஏழாவது வீடு.
சாமான்கள் இரண்டு கறுப்புக் குப்பைப் பைகளில்.
பெட்டி வாங்கித் தருகிறோம் என்றதற்கு
"பைதான் சத்தம் போடும்.
யாராவது தொட்டால் தெரியும்" என்றான்.

முதல் ஞாயிறே
துணி துவைக்கும் அறையின் கதவை உதைத்து உடைத்தான்.
பலகைக்குள் கால் மாட்டிக்கொள்ள
எங்கள் மூவரையும் பெயர் சொல்லித் திட்டினான்.
அதற்குள் பெயர்களைத் தெரிந்துவைத்திருந்தான்.

சம்பவப் படிவத்தில் மூன்று கட்டங்கள்:
முன்பு. நடத்தை. பின்பு.
நடத்தைக்கு அரைப் பக்கம்.
முன்புக்கு மூன்றே வரி.
"ஏழு மணிக்கு அம்மா கூப்பிடுவதாக இருந்தது" என்று எழுதினேன்.
அவன் தலையை நனைத்து, வகிடெடுத்து வாரிக்கொண்டு
எட்டரை வரை ஃபோன் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததை
எங்கே எழுதுவது?
ஃபோனில் முகம் தெரியாது.
அது அவனுக்கும் தெரியும்.

பின்பு:
விடியற்காலை மூன்றுக்கு டோஸ்ட் கேட்டான்.
சமையலறை ஆறரைக்குத்தான்; அது விதி.
இரண்டு துண்டு. வெண்ணெய் ஓரம் வரை.
அதையும் எழுதினேன்.
மேலாளர் பச்சை மையில்
கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்பினார்.

செவ்வாய்க்கிழமைகளில் உளவியலாளர் ரொக்ஸானா
கோபத்துக்கு ஒன்று முதல் பத்து வரை எண் கேட்பார்.
எப்போதும் நான்கு.
கதவு உடைந்த வாரமும் நான்கு.
பிப்ரவரிக் கடைசியில் ஒரு நாள் ஆறு என்றான்.
அன்றைய கூட்டத்தில் நாங்கள்
கேக் வெட்டாததுதான் குறை.

ஆனால் நிதி பதினாறு வாரத்துக்குத்தான்.

கடைசி இரவு, இரண்டே முக்காலுக்கு,
கூரையில் வெளிச்சம் வைத்து எண்ணிக்கொண்டிருந்தேன்.
ஒன்று. இரண்டு.
"உங்களுக்கு மூட்டு வலி" என்றது போர்வை.
"கால் மாற்றி நிற்பது கேட்கும்.
அதனால்தான் மூன்றையும் சீக்கிரமாக விட்டுவிடுவேன்."

இரவுக்கு முப்பத்திரண்டு முறை
தூக்கம், தூக்கம், தூக்கம்,
எல்லாம் என் கையெழுத்தில்.

இப்போது என்ன எழுதட்டும் என்றேன்.
"தூக்கம் என்றே போடுங்கள்.
இல்லாவிட்டால் அங்கே போனதும் மாத்திரையைக் கூட்டுவார்கள்."
கூட்டலாம். எனக்கும் தெரியும்.
விழிப்பு என்று எழுதினேன்.
எழுதியதைக் காட்டினேன்.
பெயர் சொல்லித் திட்டினான்,
அதே வார்த்தைகள்தான்,
ஆனால் மற்ற ஐந்து பேர் எழுந்துவிடாதபடி
மெதுவாக.

என் ஷிஃப்ட் ஏழுக்கு முடிந்தது. வேன் எட்டு மணிக்கு.
எஞ்சின் சூடாகட்டும் என்று
காரிலேயே இருந்தேன், ஒரு மணி நேரம்.
பைகளை அவனே தூக்கிக்கொண்டு வந்தான்.
கண்ணாடி ஏற்றியிருந்தும்
சரசரப்பு கேட்டதுபோல் இருந்தது.

காத்திருப்போர் பட்டியலில் நாற்பத்தொரு பெயர்கள்.
நான்காம் அறையில் மறுநாளே ஒரு பெண்,
தலைவரை மூடிக்கொண்டு படுக்கிறாள்.
போர்வை அசைகிறதா, நான் ஆடுகிறேனா,
சொல்ல முடியவில்லை.
முட்டியைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறேன்.
ஒன்று வரை வந்திருக்கிறேன்.